யார் விட்டுச்சென்ற கோப்பு இது?

2023 ஆகஸ்ட் 29ஆம் தேதி ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்தின் 14 வாகன ஆலைகளிலும் உற்பத்தி நின்றது. முந்தைய ஆண்டு, உதிரிபாகம் வழங்கும் நிறுவனம் ஒன்று இணையத் தாக்குதலுக்கு ஆளானபோதும் இதே ஆலைகள் நின்றிருந்தன. அதனால் இம்முறையும் அப்படித்தான் இருக்கும் என்ற சந்தேகம் எழுந்தது. சில நாள்களில் நிறுவனமே காரணத்தை வெளியிட்டது. உதிரிபாகங்களுக்கு ஆணை அனுப்பும் சேவையகங்களில் ஆகஸ்ட் 27ஆம் தேதி வழக்கமான பராமரிப்பு வேலை நடந்திருக்கிறது. தரவுத்தளத்தில் சேர்ந்திருந்த தரவை அழித்து ஒழுங்குபடுத்தும்போது வட்டில் இடம் போதவில்லை. மாற்றாக வைத்திருந்த சேவையகமும் அதே அமைப்பில் ஓடியதால் அதுவும் உடன் விழுந்தது. இடம் அதிகமுள்ள வேறொரு சேவையகத்துக்குத் தரவை மாற்றிய பிறகே, மறுநாள் ஆலைகள் ஓடத் தொடங்கின.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. இடத்தைக் காலி செய்யும் வேலைக்கே இடம் தேவைப்பட்டிருக்கிறது. அலமாரியை ஒழுங்காக அடுக்க நினைப்பவர், முதலில் துணிகளையெல்லாம் கட்டிலில் கொட்டுகிறார். கணினிக்கும் அப்படியொரு கட்டில் வேண்டும். தரவை வரிசைப்படுத்த, படத்தைச் சிறிதாக்க, நீங்கள் பதிவேற்றும் கோப்பைச் சரிபார்த்து முடிக்கும் வரை வைத்திருக்க என்று எதற்கெடுத்தாலும் சேவையக மென்பொருள் தற்காலிகக் கோப்பு ஒன்றை உருவாக்குகிறது. லினக்ஸ் சேவையகங்களில் ‘டெம்ப்’ என்ற கோப்புறைதான் பெரும்பாலும் அந்தக் கட்டில். வேலை முடிந்ததும் கோப்பை உருவாக்கிய நிரலே அதை அழித்துவிட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம்.

உணவங்காடி நிலையத்தில் தட்டைத் திருப்பி வைப்பது போலத்தான். 2021 செப்டம்பர் முதல் அங்கே தட்டைத் திருப்பி வைக்காதவர்கள் மீது நடவடிக்கை எடுக்கிறார்கள். கணினிக்குள் அப்படி அதிகாரிகள் நடமாடுவதில்லை. தீயெச்சரிக்கை மணி அடித்து எல்லாரும் எழுந்து ஓடினால் தட்டுகள் மேசையிலேயே கிடக்கும். பாதியில் கொல்லப்பட்ட நிரலின் கோப்பும் அப்படியே கிடக்கும்.

பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ கணினித் துறையில் படிப்பவர்கள் வேலைப் பயிற்சிக்குச் சென்றால், முதல் மாதத்திலேயே இந்தச் சிக்கலைச் சந்திக்க வாய்ப்புண்டு. இணையத்தில் தேடினால் கிடைக்கும் தீர்வு ஒரு வரிக் கட்டளை: டெம்ப் கோப்புறையில் இருப்பதையெல்லாம் அழி. அதைத் தட்டுவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரை.

இரவு மணி 11

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். மாணவர் குழு ஒன்று, சமூக அமைப்புக்காகக் கல்வி உதவிநிதி விண்ணப்பத் தளம் அமைத்துக் கொடுத்திருக்கிறது. 20 ஜிபி வட்டுள்ள சிறிய வாடகைச் சேவையகம். உபுண்டு, அப்பாச்சி, பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் என்று எல்லாரும் பயன்படுத்தும் கூட்டணி. விண்ணப்பதாரர்கள் தேர்வு முடிவு, பெற்றோரின் சம்பளச் சீட்டு ஆகியவற்றைப் பிடிஎஃப் கோப்பாகப் பதிவேற்ற வேண்டும். நாளை நள்ளிரவோடு விண்ணப்பம் மூடுகிறது. இன்றிரவு 11 மணிக்கு ஒரு தாயார் குறுந்தகவல் அனுப்புகிறார்: “தம்பி, பக்கம் திறக்குது. உள்ளே போக முடியலை.”

பக்கம் திறப்பதும் உள்ளே போக முடியாததும் ஒரு நல்ல தடயம். முகப்புப் பக்கத்தைக் காட்டச் சேவையகம் ஏற்கெனவே இருக்கும் கோப்பைப் படித்தால் போதும். ஒருவர் உள்நுழைந்தால் அவருக்கென ஒரு சிறு கோப்பை எழுத வேண்டும். பதிவேற்றினால் அதற்கும் தற்காலிகக் கோப்பு வேண்டும். படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை என்றால் முதலில் வட்டைத்தான் பார்க்க வேண்டும். பிஎச்பி இதைப் பதிவேற்றப் பிழை எண் 7 என்று சொல்லும். வட்டில் எழுத முடியவில்லை என்பது அதன் பொருள்.

அதற்கு முதல் கட்டளை ‘டிஎஃப்’. வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று சொல்லும். 100 விழுக்காடு என்று காட்டினால் நோயின் பெயர் தெரிந்துவிட்டது. காரணம் இன்னும் தெரியவில்லை. சில நேரம் 60 விழுக்காடுதான் என்று காட்டும். ஆனாலும் சேவையகம் இடமில்லை என்று அடம்பிடிக்கும். புதியவர்கள் குழம்பி நிற்பது இந்த இடத்தில்தான்.

எண்ணிக்கையும் சுமைதான்

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ‘ஐநோட்’ என்ற ஒரு பதிவுச் சீட்டு தேவை. பரவலாகப் பயன்படும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையில், வட்டைத் தயார்செய்யும்போதே இந்தச் சீட்டுகளின் எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. வழக்கமான கணக்கு 16 கிலோபைட்டுக்கு ஒரு சீட்டு. 20 ஜிபி வட்டில் சுமார் 1.3 மில்லியன் சீட்டுகள்தான் இருக்கும். சில பைட் மட்டுமே உள்ள குட்டிக் கோப்புகள் அத்தனை சேர்ந்துவிட்டால், இடம் மீதமிருந்தும் புதிய கோப்பு எதையும் உருவாக்க முடியாது. ஒற்றைக் காப்பிக் குவளை ஒரு மேசையையே பிடித்துக்கொள்வது மாதிரி. ‘டிஎஃப்’ கட்டளையோடு ‘-ஐ’ சேர்த்துக் கொடுத்தால் இந்தச் சீட்டுக் கணக்கு தெரியும்.

இப்படிக் குட்டிக் கோப்புகளைக் குவிப்பதில் பேர்போனவை பிஎச்பியின் உள்நுழைவுக் கோப்புகள். ‘செஸ்_’ என்று தொடங்கும் பெயர் அவற்றுக்கு. உபுண்டுவில் இவை ஒரு குறிப்பிட்ட கோப்புறையில் சேரும்; அரை மணிக்கு ஒருமுறை ஓடும் துப்புரவு வேலை பழையவற்றை எடுத்துவிடும். அதை நம்பி, பிஎச்பி தானாகச் செய்யும் துப்புரவை உபுண்டு அணைத்தே வைத்திருக்கிறது. இப்போது ஒரு நிரலாளர் “என் கோப்புகள் என் கோப்புறையிலேயே இருக்கட்டும்” என்று நிரலுக்குள் ஒரு வரி எழுதி இடத்தை மாற்றிவிடுகிறார். துப்புரவு வேலைக்குப் புதிய முகவரி தெரியாது. தேடுபொறிகளின் தானியங்கிகள் வந்து போகும்போதெல்லாம் ஒரு கோப்பு. ஓராண்டில் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

எண்ணிக்கையால் வந்த வினைக்கு ஒரு பெரிய உதாரணம் செவ்வாய்க் கோளில் உண்டு. நாசாவின் ‘ஸ்பிரிட்’ உலவி வாகனம் 2004 ஜனவரித் தொடக்கத்தில் அங்கே இறங்கியது. ஜனவரி 21ஆம் தேதி திடீரென்று பேச்சை நிறுத்திக்கொண்டது. வாகனத்தின் ஃபிளாஷ் நினைவகத்தில், ஏழு மாதப் பயணத்தின்போது சேர்ந்த கோப்புகளும் அப்படியே கிடந்தன. கோப்புகளின் பட்டியலைக் கணினி தன் வேலை நினைவகத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. பட்டியல் பெரிதாகிவிட்டதால் நினைவகம் போதவில்லை. கணினி தன்னை மறுதொடக்கம் செய்துகொண்டது. எழுந்ததும் அதே பட்டியலைப் படித்து மீண்டும் விழுந்தது. 60 முறைக்கு மேல் இப்படி நடந்தது.

பொறியாளர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. உடனே எல்லாவற்றையும் அழித்துவிடவில்லை. ஃபிளாஷ் நினைவகத்தைத் தொடாமல் எழுந்திரு என்று முதலில் கட்டளை அனுப்பினார்கள். வாகனம் நிதானத்துக்கு வந்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். தேவையற்ற பழைய கோப்புகளை நீக்கினார்கள். பிப்ரவரியில்தான் நினைவகத்தை முழுதாகத் துடைத்துப் புதிதாக அமைத்தார்கள். 90 செவ்வாய் நாள்கள் உழைத்தால் போதும் என்று அனுப்பிய வாகனம் 2010 மார்ச் வரை தகவல் அனுப்பியது.

டிஷ்யூ பாக்கெட் வைத்த மேசை

மூன்றாவது வகை இன்னும் வேடிக்கையானது. ‘டிஎஃப்’ 20 ஜிபியும் நிரம்பிவிட்டது என்கிறது. கோப்புறை கோப்புறையாகப் போய்க் கூட்டிச் சொல்லும் ‘டியூ’ கட்டளையோ 11 ஜிபிதான் என்கிறது. மீதி எங்கே?

லினக்ஸில் கோப்பை அழிப்பது என்றால் அதன் பெயரை நீக்குவதுதான். ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரை இடம் திரும்பி வராது. நம்மூரில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து ‘சோப்’ செய்த மேசை மாதிரி. ஆள் இல்லை, தட்டு இல்லை, ஆனாலும் நீங்கள் உட்கார முடியாது. யாரோ ஒருவர் பல ஜிபி அளவுள்ள கோப்பைப் பெரிதாக இருக்கிறதே என்று அழித்திருப்பார். அதை எழுதிக்கொண்டிருந்த நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளையோடு ‘+எல்1’ சேர்த்தால், பெயர் போயும் இடத்தை விடாத கோப்புகளும் அவற்றைப் பிடித்திருக்கும் நிரல்களும் தெரியும். அந்த நிரலை முறையாக நிறுத்தித் தொடங்கினால் இடம் உடனே திரும்பும்.

நம் உதவிநிதித் தளத்தில் இந்த இரண்டும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். சீட்டுகள் நிறைய மிச்சம். இரண்டு கட்டளைகளும் ஒரே கணக்கைச் சொல்கின்றன. நிர்வாகி உரிமையோடு பார்த்தால் டெம்ப் கோப்புறை மட்டும் 14 ஜிபி. (நிர்வாகி உரிமை முக்கியம். அப்பாச்சி போன்றவற்றுக்கு உபுண்டு தனித் தற்காலிகக் கோப்புறை ஒதுக்குகிறது; சாதாரணப் பயனராகப் பார்த்தால் அது காலியாக இருப்பதுபோலத் தோன்றும்.) உள்ளே ‘மேஜிக்-’ என்று தொடங்கிப் புரியாத எழுத்துகளில் முடியும் பெயர்களோடு நூற்றுக்கணக்கான கோப்புகள்.

பெயரும் நேரமும்

தற்காலிகக் கோப்புகளின் பெயர் கிறுக்கல் போலிருந்தாலும் முதல் சில எழுத்துகள் பெரும்பாலும் குடும்பப் பெயர். ‘பிஎச்பி’ என்று தொடங்கி ஆறு எழுத்தில் முடிந்தால் அது பதிவேற்றத்தின் மிச்சம். ‘மேஜிக்-’ என்றால் படங்களை மாற்றித்தரும் இமேஜ்மேஜிக். தரவுத்தளக் கோப்புறையில் ‘#எஸ்க்யூஎல்’ என்று தொடங்கினால் மைஎஸ்க்யூஎல் அட்டவணையை மாற்றும்போது பாதியில் விழுந்திருக்கிறது. அதைக் கையால் அழிக்கவே கூடாது, தரவுத்தளத்தின் வழியாகத்தான் தீர்க்க வேண்டும்.

குடும்பம் தெரிந்துவிட்டது. இனி நேரம். அந்தக் கோப்புகள் கடைசியாக எழுதப்பட்ட நேரத்தை, அப்பாச்சியின் வருகைப் பதிவேட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நம் காட்சியில் ஒவ்வொரு கொத்துக்கும் முன்னால், சரியாக 30 வினாடிக்கு முன்பு, ஒரு பிடிஎஃப் பதிவேற்றம் இருக்கிறது. இது தற்செயலாக இருக்க முடியாது. நிரலைத் திறந்து பார்த்தால் ஒரு வரி கண்ணில் படுகிறது: படமாக்கும் வேலை 30 வினாடியைத் தாண்டினால் ‘கில் -9’ அனுப்பி நிறுத்து.

9ஆம் எண் சமிக்ஞை மற்றவை போன்றதல்ல. அதை எந்த நிரலும் தடுக்கவோ கேட்கவோ முடியாது. இயங்குதளம் அந்த நொடியே நிரலை முடித்துவிடும். மேசையைத் துடைக்க நேரமே கிடையாது. 15ஆம் எண் சமிக்ஞை வேறு. “கிளம்பு” என்று கதவைத் தட்டுவது போன்றது. ஒழுங்காக எழுதப்பட்ட நிரல் தன் கோப்புகளை எடுத்துவிட்டுப் போகும். முதலில் 15, சில வினாடி கழித்தும் போகவில்லையென்றால் மட்டும் 9 என்பதே முறை. மாணவர்கள் பலர் 9ஐ முதலில் கற்றுக்கொண்டு அதோடு நின்றுவிடுகிறார்கள்.

சரி, 30 வினாடி ஏன் போதவில்லை? கணக்குப் போட்டால் தெரியும். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் படமாக்கினால் அகலம் 2,480, உயரம் 3,508, கிட்டத்தட்ட 8.7 மில்லியன் புள்ளிகள். இமேஜ்மேஜிக்கின் 16-பிட் பதிப்பில் ஒரு புள்ளிக்கு 8 பைட். ஆக ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 70 எம்பி. பத்துப் பக்க பிடிஎஃப் என்றால் 700 எம்பி. சிறிய சேவையகத்தின் நினைவகத்தில் அது அடங்காது. அடங்காததை இமேஜ்மேஜிக் வட்டில் எழுதுகிறது. வட்டு மெதுவானது, அதனால் நேரம் போகிறது, 30 வினாடி தாண்டுகிறது, 9 வருகிறது, கோப்புகள் அனாதையாகின்றன. இப்படி 20 விண்ணப்பங்கள் வந்தாலே 14 ஜிபி. அளவை 150 புள்ளியாகக் குறைத்தால் இடம் கால்வாசியாகிவிடும். சம்பளச் சீட்டைப் படிக்க 150 போதும்.

கோப்புகளை மட்டும் அழித்திருந்தால் என்ன ஆகும்? விண்ணப்பம் மூடும் கடைசி மணி நேரத்தில், எல்லாரும் ஒரே நேரத்தில் பதிவேற்றும்போது, மீண்டும் நிரம்பியிருக்கும்.

விண்டோஸ் உலகிலும் இதே கதை நடந்திருக்கிறது. விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 காலத்தில், தற்காலிகக் கோப்புறையில் ‘கேப்_’ என்று தொடங்கும் பெரிய கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து வட்டை நிரப்பும். அழித்தால் திரும்ப வரும். உண்மையான குற்றவாளி வேறு கோப்புறையில் இருந்தது. கணினிப் புதுப்பிப்புகளைப் பற்றிய பதிவேடு ஒன்று 2 ஜிபியைத் தாண்டி வளர்ந்துவிட, அதைச் சுருக்கிவைக்கும் கருவியால் அவ்வளவு பெரிய கோப்பைக் கையாள முடியவில்லை. ஒவ்வொரு முயற்சியும் பாதியில் தோற்று ஒரு ‘கேப்_’ கோப்பை விட்டுச்சென்றது. அந்தப் பதிவேட்டை அகற்றிய பிறகே தொல்லை நின்றது.

அழிக்கும் நேரம் வந்தால்

எல்லாம் தெரிந்த பிறகு அழிக்கலாம். அப்போதும் ‘எல்லாவற்றையும் அழி’ வேண்டாம். டெம்ப் கோப்புறையில் குப்பை மட்டும் இருப்பதில்லை. சில அமைப்புகளில் தரவுத்தளத்தோடு பேசும் இணைப்புக் கோப்பு அங்கேதான் இருக்கும். அது போனால் தரவுத்தளம் ஓடிக்கொண்டிருந்தும் தளத்தால் அதை அடைய முடியாது. அப்பாச்சியின் தனிக் கோப்புறையை அழித்தால், அதை மறுதொடக்கம் செய்யும் வரை ஒருவரும் பதிவேற்ற முடியாது. இந்த நொடியில் ஒருவர் பதிவேற்றிக்கொண்டிருக்கும் கோப்பும் அங்கேதான் இருக்கிறது.

அவசரத்துக்கு மூச்சுவிட இடம் வேண்டுமென்றால், முன்பு பதிவிறக்கிய நிறுவல் பொட்டலங்களை ‘ஏபிடி கிளீன்’ கட்டளையால் நீக்கலாம். அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. பிறகு ‘ஃபைண்ட்’ கட்டளையால், குறிப்பிட்ட பெயரில் தொடங்குபவை, ஒரு நாளுக்கு மேல் தொடப்படாதவை என்று இரண்டு நிபந்தனை போட்டுப் பட்டியல் எடுங்கள். பட்டியலைக் கண்ணால் பார்த்து, அவற்றை யாரும் திறந்து வைத்திருக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகு அதே கட்டளையோடு அழிக்கும் சொல்லைச் சேருங்கள். கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்தால் ‘ஆர்எம்’ கட்டளை, பெயர்ப்பட்டியல் மிக நீளம் என்று சொல்லி மறுத்துவிடும்; ‘ஃபைண்ட்’ அப்போதும் வேலை செய்யும்.

அந்தக் கோப்புகளுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் தந்தையுடைய சம்பளச் சீட்டு. தளத்தின் பட்டியலில் இல்லை, நீக்கக் கோரினால் நீங்காது, காப்புப் பிரதி எடுக்கும்போது கூடவே போகலாம். சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் மலேசியாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டமும், தேவை முடிந்த பிறகு தனிநபர் தரவை வைத்திருக்கக் கூடாது என்கின்றன. ‘தற்காலிகக் கோப்பு’ என்ற பெயர் அதற்கு விலக்கு ஆகாது. ஆராய்ச்சிக்காக என்று சொல்லி அவற்றை உங்கள் மடிக்கணினிக்கு நகலெடுக்காதீர்கள். பெயர், அளவு, நேரம் மூன்றும் போதும். திறந்து பார்க்கத் தேவையே இல்லை. தளத்தின் பொறுப்பாளரிடம் நடந்ததைச் சொல்வதும் வேலையின் ஒரு பகுதிதான். நள்ளிரவு நேரமானால் காலையில் சொல்லலாம்.

தானாகத் துடைக்கும் ஏற்பாடு செய்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். ரெட் ஹேட் குடும்பத்து லினக்ஸில் அது ஏற்கெனவே உண்டு. டெம்ப் கோப்புறையில் 10 நாள் தொடப்படாததை அது எடுத்துவிடும். அதனாலும் வம்பு வந்திருக்கிறது. ஜாவாவின் ஸ்பிரிங் பூட்டுடைய பழைய பதிப்புகளில் அமைந்த தளங்கள் தொடங்கும்போது, பதிவேற்றங்களுக்காக டெம்ப் கோப்புறைக்குள் ஒரு காலிக் கோப்புறையைத் தயார்செய்து வைக்கும். பத்து நாள் யாரும் எதையும் பதிவேற்றவில்லையென்றால் துப்புரவாளர் அதைக் குப்பை என்று எடுத்துவிடுவார். பதினோராம் நாள் முதல் பதிவேற்றம் தோற்கும். மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடும்; இன்னொரு பத்து நாளுக்கு.

நீங்களே நிரல் எழுதும்போது யுனிக்ஸின் பழைய உத்தி ஒன்று கைகொடுக்கும். தற்காலிகக் கோப்பைத் திறந்த உடனேயே அதன் பெயரை அழித்துவிடுங்கள். நிரல் ஓடும் வரை கோப்பு பயன்படும். நிரல் எப்படிச் செத்தாலும், 9 வந்து செத்தாலும், இயங்குதளம் இடத்தை மீட்டுவிடும். டிஷ்யூ பாக்கெட் மேசையின் கதைதான், இம்முறை நமக்குச் சாதகமாக. பைத்தானின் ‘டெம்ப்ஃபைல்’ நூலகம் லினக்ஸில் கிட்டத்தட்ட இதையே செய்து தருகிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போதும். பைத்தானில் ஒரு கோப்பைத் திறந்து 1 ஜிபி அளவுக்கு எழுதி, மூடாமல் விட்டுவிடுங்கள். இன்னொரு சாளரத்தில் ‘டிஎஃப்’ தட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பை ‘ஆர்எம்’ கொண்டு அழித்துவிட்டு மீண்டும் ‘டிஎஃப்’ தட்டுங்கள், எண் மாறியிருக்காது. இப்போது பைத்தானை மூடிவிட்டு இன்னொரு முறை தட்டிப் பாருங்கள்.